எனக்கு ஒண்ணுமில்லீங்க

ஜூன் 3, செவ்வாய்

மாடியில் இருந்த பேங்க் மேனேஜர் குடும்பம் சனிக்கிழமை காலி செய்துகொண்டு போய்விட்டது. சமையலறைச் சுவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. ஜன்னல் கண்ணாடியில் அவர்கள் பையன் ஒட்டிய ஸ்டிக்கர்களைச் சுரண்டியே என் நகம் போயிற்று. சைவக் குடும்பம்தான். சைவம் வேறு, சுத்தம் வேறு என்பது அவர்கள் இருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெயின்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வக்கீல் ரஹ்மத்துன்னிசாவின் ஆபீசில் 'எல்லாருக்கும் வீடு' குழுவின் கூட்டம். சாதியும் மதமும் பார்த்து வாடகைக்கு வீடு தர மறுப்பவர்களைக் கண்டுபிடித்து, நாலு பேர் அறியச் செய்வது குழுவின் வேலை. கூட்டுறவு வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. யோகா வகுப்பு முதுகுக்கு ஒத்துவரவில்லை. சமூக நீதிக்கு முதுகு வளைக்க வேண்டியதில்லை என்று இதில் சேர்ந்தேன்.

திட்டம் சுலபம். காலியாக இருக்கும் வீட்டுக்கு முதலில் பொற்கொடி போவாள். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அவள் வந்த பிறகு அதே வீட்டுக்கு நான் போக வேண்டும். குடும்பம், சம்பளம், அட்வான்ஸ் எல்லாம் இருவரும் ஒரே மாதிரிதான் சொல்லுவோம். ஒரே ஒரு வித்தியாசம். அவள் எஸ்.சி., நான் சைவப் பிள்ளைமார். யாருக்கு என்ன பதில் கிடைத்தது என்று பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

"சிவகாமி மேடம், உங்க முகத்தப் பாத்தாலே சாவியக் கையில குடுத்துருவாங்க" என்றார் வக்கீலம்மா. பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பொற்கொடிக்கு இது வெறும் நடிப்பில்லை. இப்போது இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காவிட்டால் பையனைக் கூட்டிக்கொண்டு லால்குடியில் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கிருந்து நைட் டியூட்டிக்கு வந்து போவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றாள். கணவர் ராஜமாணிக்கம் ஓசூரில் ஃபிட்டர், மாதத்துக்கு ஒரு தடவை வருவார்.

"நடிக்கப் போற எடத்துல நெஜமாவே வீடு கெடச்சா நான் எடுத்துக்குவேன்க்கா, சொல்லிட்டேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். நல்ல பெண், எப்படியும் கிடைத்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

முதல் வீடு. ஓய்வு பெற்ற துணைத் தாசில்தார் கோதண்டபாணி. நான் தெருமுனை ஜூஸ் கடையில் காத்திருந்தேன். பொற்கொடி போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சொந்த ஊரு எதுன்னாரு. சொன்னேன். அங்க எந்தப் பக்கம்னாரு. சொன்னேன். எந்தத் தெருன்னாரு. அப்பறம் குலதெய்வம் கேட்டாரு. அப்பா என்ன பண்ணாருன்னாரு. எனக்கே பாவமாப் போச்சுக்கா. எஸ்.சி.ங்க சார், நேராவே கேட்டிருக்கலாமேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"சேச்சே, நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுல அவங்கதான் கொஞ்சம் ஒரு மாதிரின்னாரு. அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்களாம்."

பிறகு நான் போனேன். ஊர் கேட்டார், குலதெய்வம் கேட்டார். தெரு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. காபி வந்தது. அந்தக் காபியைப் போட்டுக் கொண்டுவந்தது கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லப்பட்ட அதே அம்மாள். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள், கொல்லையில் கறிவேப்பிலை பறித்துக்கொள்ளலாம் என்றார்கள். எப்போது பால் காய்ச்சுகிறீர்கள் என்று நாள் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். வயிற்றெரிச்சலாக இருந்தது. காபி நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூன் 7, சனி

பொற்கொடிக்கு ஒரு யோசனை. யோசனை என்ன, குறும்பு.

"அக்கா, இவங்க யாரும் தான் மாட்டேன்னு சொல்றதே இல்ல, கவனிச்சீங்களா? எனக்கு ஒண்ணுமில்ல, அவங்கதான் ஒத்துக்க மாட்டாங்கம்பாங்க. அந்த அவங்க எப்பவுமே எதிர்ல இருக்க மாட்டாங்க. யாரக் கை காட்டுறாங்களோ அவங்களையே போயிக் கேட்டா என்ன?"

உடனே கிளம்பினோம். கோதண்டபாணியின் மனைவி உண்மையிலேயே கோயிலில் இருந்தார். பொற்கொடி பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். "நானாம்மா? எனக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துப் போர்ஷன்ல இருக்காங்களே, அவங்க ரொம்ப ஆசாரம்." பக்கத்துப் போர்ஷன்காரர் கதவைத் திறந்து திகைத்தார். "எனக்கு என்னங்க இருக்கு, நானே வாடகைக்கு இருக்கேன். ஓனர் அய்யாதான் இதிலெல்லாம் கொஞ்சம் கண்டிப்பு." ஓனர் அய்யா மறுபடி கோதண்டபாணி. ஒரு தெருவுக்குள்ளேயே ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டோம். மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. வீடு மட்டும் இல்லை.

வக்கீலம்மாவுக்கு இந்த வழி ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்கச் சுலபமான வழி ஏதுமில்லை, வெட்கப்பட வைப்பது ஒன்றுதான் மிச்சம் என்கிறார். இனி ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் கடைசி ஆள் வரைக்கும் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

பெயின்டர் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்குப் பேராசிரியர் நல்லசிவம். ஹால் சுவரில் தலைவர்கள் படம் வரிசையாக மாட்டியிருக்கிறது, நம்மால் பெயர் சொல்ல முடியாத வெளிநாட்டுத் தலைவர்கள் உட்பட. சமத்துவத்தைப் பற்றிப் பொற்கொடிக்கு ஒரு வகுப்பே எடுத்திருக்கிறார். அவளை நிற்க வைத்து எடுத்தார் என்பதுதான் குறை. கடைசியில், "எனக்கு ஒண்ணுமில்லம்மா, சொல்லப்போனா நான் இதுக்காகப் போராடினவன். வீடு பையன் பேர்ல இருக்கு. அவன் மெல்பர்ன்ல இருக்கான், அவன் அபிப்பிராயம் எப்படியோ" என்று பெருமூச்சு விட்டாராம்.

நான் போனபோது மெல்பர்ன் பையன் பேச்சே எழவில்லை. மாடியைச் சுற்றிக் காட்டினார். நல்ல காற்று, தனி வாசல், ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். பொற்கொடிக்கு அமைந்தால் நன்றாக இருக்கும். இறங்கும்போது, "உங்கள மாதிரி ஒரு குடும்பம் வந்தா நிம்மதி" என்றார். எங்களை மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கையில் சாவி இருந்தது, காரியம் கெட்டுவிடக் கூடாது.

பொற்கொடியை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வெயிலில் யாரை எங்கே கூப்பிடுவது. ஜூஸ் கடையே வசதி.

ஜூன் 15, ஞாயிறு

பெயின்டர் வந்து மாடியை முடித்துவிட்டான். இளம் மஞ்சள். பார்க்கக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. புரோக்கர் உலகநாதனும் வந்தார். டூ லெட் போர்டு வைத்தால் சீக்கிரம் போகும் என்றார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். போர்டைப் பார்த்துவிட்டு நேரம் காலம் இல்லாமல் மணி அடிப்பார்கள், அத்தைக்குத் தூக்கம் கெடும்.

"நம்ம மாதிரி ஆளுங்களாப் பாத்துடலாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நல்ல குடும்பமா இருந்தாப் போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். புரிந்தது என்று தலையை ஆட்டினார். விவரமான மனிதர், அதிகம் பேச வைக்க மாட்டார்.

ஜூன் 19, வியாழன்

பொற்கொடி எமகாதகி. பேராசிரியரின் பையன் நம்பரை அவரிடமே வாங்கி மெல்பர்னுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பிவிட்டாள். அந்தப் பையன் குரல் பதிவே அனுப்பியிருக்கிறான். "எனக்கு ஒண்ணுமில்லங்க, லோன் கட்டிட்டு இருக்கேன், யாருக்காவது விட்டாப் போதும். அப்பாதான் அசோசியேஷன், அது இதுன்னு யோசிப்பாரு." அதைப் பேராசிரியருக்கே போட்டுக் காட்டினோம். தலைவர்கள் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அசோசியேஷனில் விதி இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார்.

அசோசியேஷன் செயலாளர் பிடி கொடுக்காமல் பேசுகிற ஆள். ஆனால் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று வக்கீலம்மா நேருக்கு நேர் கேட்டதும் பதறிவிட்டார். "அய்யய்யோ, அப்படியெல்லாம் எதுவும் இல்லீங்க மேடம், அவரு யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும்." மறுபடி பேராசிரியரிடம் போனோம். கை காட்ட வேறு யாரும் மிச்சமில்லை. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "படிச்சவங்களே இப்படி இருந்தா என்னங்க பண்றது?" என்றேன். இவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஆமா ஆமா" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். 'இந்த வீடு எல்லாருக்கும்' என்று நீல எழுத்து. அவரவர் வீட்டு கேட்டில் ஒட்ட வேண்டுமாம். நல்ல விஷயம். ஆனால் கேட்டுக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்திருக்கிறது, உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரும். பீரோவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். தினமும் புடவை எடுக்கும்போது கண்ணில் படுகிறது, நமக்கும் ஒரு நினைவூட்டல்.

இந்த மாதத்தில் மட்டும் பொற்கொடி ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு வீட்டில் நாய்க்கு நர்ஸ் வாசனை ஆகாது என்றார்கள். இன்னொரு வீட்டில் ஊரில் இருக்கும் பங்காளிகள் சண்டைக்கு வருவார்களாம். பங்காளிகளுக்கும் ஃபோன் போட்டாள். அவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஒரு கிறிஸ்தவ அம்மாள் மட்டும், எனக்கே பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். "அந்தம்மா எவ்வளவோ தேவலக்கா, ஒரே நிமிஷத்துல முடிஞ்சிது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கால் வீங்கியிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

பொற்கொடி மருந்துச் சீட்டு கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தைக்கு நல்ல சர்க்கரை டாக்டர் யார் என்று நான் கேட்டிருந்தேன், அதுதான். முன் அறிவிப்பு எதுவும் இல்லை. கேட்டிலேயே நின்று பேசினோம். உள்ளே வா என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன, பெயின்ட் வாடை போவதற்காக.

"அக்கா, உங்க மாடி காலியாவா இருக்கு?"

என்னத்தைச் சொல்வது. வேலை இன்னும் பாக்கியிருக்கிறது, குழாய் ஒழுகுகிறது என்றேன்.

"குழாய் என்னக்கா, இவரு வந்தா ஒரு மணி நேரத்துல மாத்திருவாரு. எனக்குக் குடுக்கறீங்களா? ஆனி முடியப் போவுது."

"எனக்கு ஒண்ணுமில்ல பொற்கொடி. எங்க அத்தைதான் பழைய காலத்து மனுஷி, கொஞ்சம்…"

அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. சரிக்கா என்று மட்டும் சொன்னாள். அத்தையைப் பற்றி நான் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. எழுபத்தெட்டு வயதில் வேறு எப்படி இருப்பார்? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஜூலை 2, புதன்

உலகநாதன் ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார். நல்ல குடும்பம்தான், ஆனால் அந்தப் பெண் கண்ணாடி டீப்பாய் மேல் கையை ஊன்றினாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவசரமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கரூரில் இவர் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நானும் இவரும் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம். அத்தை கால் வலி என்று வரவில்லை. வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"சிவகாமி, ஒரு பொண்ணு வந்துச்சு. நர்ஸாம். மாடியக் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குடுத்தா என்னங்கறேன்? தெனம் ஊசி போடறதுக்கு அந்தக் கம்பவுண்டரு பயலுக்கு அழுதுகிட்டு இருக்கேன், அவன் குத்தற குத்துல தொடை கல்லாப் போச்சு. இந்தப் பொண்ணு போட்டுச்சு பாரு, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"அத்தே, அவங்க வந்து…"

"தெரியும் தெரியும், அதுவே சொல்லிருச்சு. இப்பத்தி காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறா? கவிச்சி ஆக்கறப்ப மட்டும் கொல்லப்பக்க ஜன்னலச் சாத்திக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணுமில்ல. எம் மவன் தாயுமானவன ஒரு வார்த்த கேட்டுக்க."

இவர் வேட்டி மாற்றிக்கொண்டே, "என்கிட்டயும் அந்தப் பொண்ணு நேத்து ஃபோன்ல கேட்டுச்சு. எனக்கென்ன இருக்கு, சிவகாமிக்குச் சரின்னா எனக்கும் சரின்னுட்டேன்" என்றார்.

நேற்றே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏங்க சொல்லல?" என்றால், "நீயே அந்தக் குழுவுல இருக்க, உனக்குத் தெரியாதா என்ன? அதுவுமில்லாம, உனக்குத்தான் அது பிடிக்காதுன்னு நெனச்சேன்" என்கிறார். எனக்கா! வெயிலில் ஜூஸ் கடை ஜூஸ் கடையாக யார் அலைகிறார்கள், இவரா? கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி இவர் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். ரொம்பக் கோபம் வந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பிறகு பசித்தது, எழுந்து தயிர் சாதம் சாப்பிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே பொற்கொடியின் ஃபோன்.

"அக்கா, அத்தைக்கு ஒண்ணுமில்லையாம். சாருக்கும் ஒண்ணுமில்லையாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேற யாராவது இருக்காங்களாக்கா?"

அந்த நேரம் பார்த்துத் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. மோட்டாரை நிறுத்த ஓடினேன். திரும்பி வந்தபோது லைனில் இல்லை. திருப்பிக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன், டியூட்டி நேரத்தில் தொந்தரவு செய்வானேன்.

ஜூலை 10, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. நாளைக்கு வாடகை ஒருநாள் தள்ளிப்போனால் கேட்க முடியுமா? தண்ணீர் அதிகம் செலவாகிறது என்று சொல்ல முடியுமா? நட்பு கெட்டுவிடும். தவிர தீபாவளிக்கு மகள் சென்னையிலிருந்து வந்தால் மாடி வேண்டியிருக்கும். போன தீபாவளிக்கும் கீழேதான் தங்கினாள். இந்தத் தடவை எப்படியோ.

சாதி என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. அப்படி நினைக்கிறவர்களுக்குத்தான் மனதில் அது இருக்கிறது.

கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி. பொற்கொடியின் சாமான்கள் லாரியில் லால்குடிக்குப் போய்விட்டன என்று வக்கீலம்மா சொன்னார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாற மாட்டார்கள், யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். என் கையில் எதுவுமே இல்லை என்பது பெரிய ஆறுதல்.

ஜூலை 23, புதன்

காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன், சமயபுரம் போகலாம் என்று. லால்குடி பஸ்கள் நிற்கிற பக்கம் பொற்கொடி உட்கார்ந்திருந்தாள். நைட் டியூட்டி முடிந்து போகிறாள். யூனிஃபார்ம் மேல் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து அதன் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

எழுப்பியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். எழுப்பினால் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அறுபது வயதை எட்டப் போகிறவள், கள்ளன் மாதிரி. சமயபுரத்தில் என்ன வேண்டிக்கொண்டேன் என்றே நினைவில்லை.

ஜூலை 24, வியாழன்

கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இவரிடமும் அத்தையிடமும் சொன்னேன். இவர், "நாங்க எப்பவோ சொன்னோமே" என்றார். அத்தை, "ஊசிக்கு இனிமே கவலையில்ல" என்றார். பெரிய காரியம் ஒன்றைச் செய்கிறபோது வீட்டில் ஒரு பாராட்டுகூடக் கிடையாது.

மனது லேசாகிவிட்டது. நிபந்தனை என்று பெரிதாக எதுவும் வைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசைவம், கொல்லைப்பக்க மாடிப்படி, சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து தங்கக் கூடாது. யார் கேட்டாலும் என்னோடு பேங்கில் வேலை பார்த்தவரின் உறவு என்று சொல்லிக்கொள்ளட்டும். அவள் நல்லதுக்குத்தான், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வாடகையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தில் வக்கீலம்மாவே இதைச் சொல்லட்டும், நானாகச் சொன்னால் தற்பெருமை மாதிரி இருக்கும்.

ஜூலை 26, சனி

காலையில் பொற்கொடிக்கு ஃபோன் செய்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம். நன்றி சொல்வாள், அழுதாலும் அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசித்து வைத்திருந்தேன்.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்லக்கா. எங்க வீட்டுக்காரருதான் ஒத்துக்க மாட்டேங்கறாரு. அவரு கொஞ்சம் ஒரு மாதிரி" என்றாள்.

"அவருக்கு என்னவாம்? பக்கத்துல ஆஸ்பத்திரி, தனிப் போர்ஷன்…"

"அதாங்க்கா நானும் சொன்னேன். கேக்க மாட்டேங்கறாரு. அவர மீறி நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

குரலில் அவ்வளவு மரியாதை. வைத்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு இறங்கி வந்து கொடுக்கிறேன், ஓசூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் வேண்டாம் என்கிறாராம். அவருக்கு என்ன அப்படி ஒரு வீம்பு? எங்கள் வீட்டுக்கு என்ன குறைச்சல்?

ஜூலை 27, ஞாயிறு

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நம் குழு வழிமுறை என்ன? யாரைக் கை காட்டுகிறார்களோ அவரையே கேட்பது. காலையில் வக்கீலம்மாவிடம் நம்பர் வாங்கி ராஜமாணிக்கத்துக்கு நானே ஃபோன் செய்தேன். மாடி வீட்டை நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள், என்னிடம் நேரடியாகவே சொல்லலாம் என்றேன்.

"நானாங்க?" என்றார். உண்மையாகவே திகைத்துப்போனார். "எந்த மாடிங்க? என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலியேங்க."

அவரே தொடர்ந்தார். நல்ல மனிதர், வெள்ளந்தியாகப் பேசுகிறார்.

"நமக்குத்தான் அந்த புரொபசர் வீடு அமைஞ்சிருச்சுங்களே. ஆடி மாசம் வேற யாரும் வர மாட்டாங்க, இவங்களுக்கே விட்டுருங்கன்னு அவரு பையன் அங்கேருந்து ஒரே புடியாச் சொல்லிட்டாராம். நேத்து காலையில பால் காய்ச்சினோம். லீவு போட்டுட்டு நானும் வந்திருக்கேன். வக்கீலம்மா வந்தாங்க, உங்க குழுவுல எல்லாரும் வந்திருந்தாங்க. புரொபசரே பழத்தட்டோட வந்து உக்காந்திருந்தாருங்க. நீங்க மட்டும் வரலியேங்க?"

நேற்றுக் காலை. அப்படியானால் நான் நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே கேட்ட பாத்திரச் சத்தம் அந்த வீட்டுச் சமையலறைச் சத்தம்தான்.

"நீங்க ஏன் வரலீங்க?" என்று மறுபடி கேட்டார்.

"எனக்கு வரணும்னுதாங்க இருந்துச்சு" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் உடம்பு கொஞ்சம் சரியில்ல."

இவர் எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.